கல்விப் பெரியார் மில்லர்

சென்னைக் கடற்கரையை அடுத்த எஸ்பிளனேடு சாலையில் 1901 ஆம் ஆண்டில் ஒரு சிலை நிறுவப்பெற்றது. சிலைக்குரியவர் கிறித்தவ சமய குரு. அச்சிலையை எழுப்பிய மாணவருள் பலரோ இந்துக்கள். சிலைக்குரியவர் அப்பொழுது உயிரோடிருந்தார் என்பது அதனினும் வியப்பு. இத்தகைய பெருமைக்கு உரியவரானவர் வில்லியம் மில்லர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர்.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள தர்சோ என்னும் ஊரில் 1838 ஆம் ஆண்டில் மில்லர் பிறந்தார். அபர்தீனிலும் எடின்பரோவிலும் கற்றுத் தேர்ந்தார். பிரஸ்பிட்டீரியன் திருச்சபைகளுள் ஒன்றான ஸ்காட்லாந்துச் சுதந்தரத் திருச்சபையில் குருவானார். தம் இருபத்து நான்காம் வயதில், 1862 ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைக்கு வந்தார். ஜான் ஆண்டர்சன் என்பார் 1837 இல் தொடங்கிய பள்ளி அங்கே நலிந்து கிடந்தது. அதனை வளர்க்கும் பொறுப்பு இளைஞராகிய மில்லரைச் சார்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அது கல்லூரியாக உயர்ந்தது. 1877 இல் வேறு சில திருச்சபைகளும் தோள் கொடுக்க, சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்னும் பெயர் பெற்றது.

அந்நாளில் சமயத் தொண்டரின் உழைப்பைத் திருமுழுக்குப் பெற்றோரின் தொகை கொண்டு அளப்பதே வழக்கம். மில்லர் அவ்வழக்கத்திற்கு உடன்படவில்லை. கல்வியின் வழியாக உயர்ந்த எண்ணங்கள் சமுதாயம் முழுவதும் பரவவேண்டும்; பயன் தலைமுறைகள் கழித்து விளையினும் குறையில்லை என்பது அவர் கொள்கை. அவர் தம் சமயப் பற்றில் சிறிதும் தளர்ந்தவர் அல்லர். விவிலியப் பாடம் நாள்தோறும் அவர் கல்லூரியில் நடந்தது. ஆயினும், மதம் மாறுவோர் சிலரேயாக இருக்கக் கல்லூரிக்கு இத்துணைப் பொருள் எதற்கு என்று தாய்நாட்டிலும் சமயத் தொண்டரிடையேயும் குறை கூறினர். கண்டனம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. 1888 இல் மாணவர் ஒருவர் கிறித்தவராக முற்பட்டபோது, இந்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துக் கிளர்ச்சி செய்தனர்; நகரமே கொந்தளித்தது. இவ்வாறு இருபுறத்து மொழிகளையும் தாங்கிக்கொண்டு, தாம் தெளிந்த வழியிலேயே மில்லர் நடந்தார். அவரைக் குறை கூறிய அதே திருச்சபை, 1896 இல் தன் பேரவைத் தலைவராக அவரையே தேர்ந்தெடுத்தது.

கல்லூரிச் சுவர்களுக்குள் அவர் தொண்டு அடங்கிவிடவில்லை. 1882 இல் இந்திய அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவில் உறுப்பினராக அமர்ந்தார். அரசே எல்லாக் கல்லூரிகளையும் நடத்துவதினும், பொதுமக்களும் அறநிலையங்களும் நடத்தும் பள்ளிகளுக்கு உதவிப்பொருள் வழங்குவதே சிறந்தது என வாதிட்டார். சென்னைச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்து கல்விக்காகப் பேசினார். 1901 முதல் 1904 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

மாணவர்க்கு அவர் செய்தவற்றுள் விடுதியை முதலிற் கூறவேண்டும். கல்வராயன் மலைப்புறத்துச் சின்னசேலம் போன்ற ஊர்களிலிருந்து ஓர் இளைஞன் அந்நாளில் சென்னைக்குப் படிக்க வந்தால், உறையுளும் உணவும் அவனுக்குப் பெருங்கவலை. பாடத்தினும் அக்கவலையே அவனை வாட்டும். இதனை உணர்ந்த மில்லர் மாணவர் விடுதிகளை அமைத்தார். அம்முறைக்குத் தென்னாட்டில் அவர் முன்னோடி எனலாம். மணம் செய்துகொள்ளாத அவர், தம் சொந்தப் பொருளையும் கல்லூரிக்கே வாரி வழங்கினார்.

அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கற்பிப்பதில் வல்லவர். டெனிசன் என்னும் ஆங்கிலக் கவிஞர் ஆர்தர் மன்னனின் படகை அன்னத்திற்கு ஒப்பிட்ட நயத்தை ஒருநாள் அவர் வியந்துரைத்தார். அப்பொழுது சூரியநாராயண சாஸ்திரி என்னும் மாணவர் எழுந்து, குகன் செலுத்திய ஓடத்தைக் கம்பர் அன்னத்தின் நடையோடு ஒப்பிட்டதை எடுத்துக் கூறினார் என்பர். மில்லர் சினம் கொள்ளவில்லை, மகிழ்ந்தார். பரிதிமாற் கலைஞர் என்று பின்னாளில் நாம் போற்றும் அம்மாணவருக்குத் தத்துவத் துறையில் பதவி தர அவர் முன்வந்தார். தமிழே வேண்டும் என்று அவர் விரும்பியபோது, 1893 இல் அக்கல்லூரியிலேயே தமிழாசிரியர் பணியைத் தந்தார். ஆங்கிலத்திற்கே மதிப்பிருந்த காலத்தில் இது சிறிய செய்தி அன்று. அத்தமிழறிஞர் 1903 இல் தம் முப்பத்து மூன்றாம் வயதிலேயே மறைந்தார்.

1907 இல் மில்லர் சென்னையை விட்டுத் தாயகம் சென்றார். 1923 இல் எடின்பரோவில் காலமானார். அவர் வளர்த்த கல்லூரி 1937 இல் தாம்பரத்துக் காட்டுவெளிக்கு இடம் பெயர்ந்தது. அங்குள்ள நூலகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.