ஜவ்வாது மலைப் பள்ளியின் விசில் சத்தத்துக்கும் ஓர் அமெரிக்கருக்கும் என்ன தொடர்பு? யார் இந்த ஹாரி குரோ பக்?

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது ஜவ்வாது மலை. சாமைக்கும் தேனுக்கும் காவலூர் தொலைநோக்கிக்கும் பேர் போன இடம். நகரத்தில் இருப்பதுபோல இங்கே தெருவுக்கு ஒரு ஜிம் கிடையாது. மாதக் கட்டணம், டிரெட்மில், டிரெய்னர் எல்லாம் மலைக்குக் கீழே உள்ள ஊர்களின் சமாச்சாரம். இங்கே ஒரு பையனோ பொண்ணோ முறையாக ஓடவும் குதிக்கவும் கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். அது பள்ளிக்கூட கிரவுண்டு. சொல்லித் தருபவர், கழுத்தில் விசில் தொங்கவிட்ட பி.டி. மாஸ்டர்.

அந்த பி.டி. மாஸ்டர் என்ற வேலையே 100 வருடங்களுக்கு முன்பு தமிழ்நாட்டில் இன்றைய வடிவில் இல்லை. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு, சென்னைக்கு வந்து சேர்ந்த ஓர் அமெரிக்கருக்கு உண்டு. அவர் பெயர் ஹாரி குரோ பக். சென்னை புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போயிருப்பீர்கள். அந்த வளாகத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் இவர்தான்.

யார் இந்த பக்?

1884ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். உடற்கல்வியை ஒரு தொழிலாகவே கற்றுக்கொண்டவர். அவர் படித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில்.

அந்தக் கல்லூரிக்கு விளையாட்டு வரலாற்றில் தனி இடம் உண்டு. 1891 டிசம்பரில் அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் விளையாட ஓர் ஆட்டம் வேண்டும் என்பதற்காக, பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி 13 விதிகளை எழுதினார். அதுதான் பேஸ்கட்பால். அதே கல்லூரியில் படித்த வில்லியம் மார்கன், பேஸ்கட்பாலின் ஓட்டத்தைத் தாங்க முடியாத நடுத்தர வயதுக்காரர்களுக்காக 1895ல் இன்னொரு ஆட்டத்தை உருவாக்கினார். அது வாலிபால்.

அதாவது, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ற மாதிரி ஆட்டத்தை மாற்று என்பதுதான் அந்தக் கல்லூரியின் பழக்கம். பக் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பழக்கத்தைத்தான்.

அதற்கு முன்பு இங்கே என்ன இருந்தது?

தமிழ்நாட்டில் உடற்பயிற்சியே இல்லாமல் பக் வந்து கற்றுக்கொடுத்தார் என்று நினைத்தால் அது தப்பு. சிலம்பம், மல்யுத்தம், கர்லா கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் காலங்காலமாக இருந்தவை. வாத்தியார் ஒருவரின் கீழ் சிஷ்யர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் வாத்தியார் யாரைச் சேர்த்துக்கொள்கிறாரோ அவர்களுக்கு மட்டும்தான் அந்த வித்தை.

பள்ளிக்கூடங்களில் வேறு கதை. அங்கே இருந்தது டிரில். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களே பல இடங்களில் டிரில் மாஸ்டர்களாக இருந்தார்கள். வரிசையில் நிற்க வேண்டும், கட்டளை கேட்டதும் கையைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். அதில் விளையாட்டு இல்லை. குழந்தையின் வயது, உடல்வாகு பற்றி டிரில் மாஸ்டருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததும் இல்லை.

கிரிக்கெட், டென்னிஸ் போன்றவை கிளப்புகளில் நடந்தன. அந்தக் கிளப்புகளின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. உடலைப் பேணுவது பலசாலிக்கும் பணக்காரருக்கும் மட்டுமான விஷயமா, எல்லோருக்குமான விஷயமா? அன்று யாரும் பெரிதாகக் கேட்காத இந்தக் கேள்வியில்தான் பக்கின் வேலை ஆரம்பித்தது.

5 மாணவர்களுடன் தொடங்கிய பள்ளி

1919ல் பக் சென்னைக்கு வந்தார். சென்னை ஒய்.எம்.சி.ஏ. அதற்கு முன்பே, 1890ல் தொடங்கப்பட்டிருந்தது. வந்த மறுவருடமே, 1920ல், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். முதல் பேட்சில் இருந்தவர்கள் வெறும் 5 பேர். ஆசியாவிலேயே இந்த வகையில் மிகப் பழமையான நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

ஏன் வீரர்களை உருவாக்காமல் ஆசிரியர்களை உருவாக்கினார்? கணக்கு எளிது. ஒரு நல்ல ஓட்டக்காரரை உருவாக்கினால் ஒரு பதக்கம் வரலாம். ஒரு நல்ல ஆசிரியரை உருவாக்கினால் அவர் ஓய்வு பெறுவதற்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஓட வைப்பார். உடற்கூறியல், முதலுதவி, விளையாட்டு விதிகள், வகுப்பை நடத்தும் முறை எல்லாம் சேர்ந்த படிப்பாக அது வளர்ந்தது. மெட்ராஸ் மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் பக் செயல்பட்டார். 1930களின் தொடக்கத்தில் கல்லூரி சைதாப்பேட்டை பக்கம், இன்றைய நந்தனம் வளாகத்துக்கு மாறியது. இலங்கை, பர்மாவில் இருந்தும் மாணவர்கள் வந்து படித்தார்கள்.

சடுகுடுவை ஒதுக்கவில்லை

வெளிநாட்டில் இருந்து வந்தவர் வெளிநாட்டு ஆட்டங்களை மட்டும் திணித்திருக்கலாம். பக் அப்படிச் செய்யவில்லை. தண்டால், பஸ்கி, லெசீம் போன்ற இந்தியப் பயிற்சிகளும் பேஸ்கட்பால், வாலிபாலுடன் சேர்த்துக் கற்றுத்தரப்பட்டன.

அவர் தொகுத்த விளையாட்டு விதிகள் புத்தகம் பல ஆண்டுகள் இந்தியப் பள்ளிகளின் கையேடாக இருந்தது. அதில் இந்திய விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்தார். சடுகுடு என்பது ஊருக்கு ஊர் ஒவ்வொரு மாதிரி ஆடப்பட்ட ஆட்டம். எழுதிய விதி இருந்தால்தான் ஓர் ஊர் டீம் இன்னொரு ஊர் டீமோடு சண்டை இல்லாமல் ஆட முடியும். இது பக் ஒருவர் மட்டும் செய்த வேலை அல்ல. அதே 1920களில் மகாராஷ்டிரத்திலும் கபடிக்கு விதிகள் எழுதப்பட்டன. ஆனாலும் ஊர்த்திடல் ஆட்டத்தைப் பாடப்புத்தகம் வரை கொண்டுவந்தவர்களில் பக்கும் ஒருவர். வியாயாம் என்ற உடற்கல்வி இதழையும் அவர் தொடங்கினார்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் பக்

ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இந்தியா 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஓர் அணியை அனுப்பியதற்குக் காரணம் தொழிலதிபர் டோராப்ஜி டாடா. அடுத்து 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்பாக, மாகாணந்தோறும் விளையாட்டு அமைப்புகளை உருவாக்கி, அகில இந்திய அளவில் போட்டி நடத்தி ஆட்களைத் தேர்வு செய்தார்கள். இதற்காக ஊர் ஊராகப் பயணம் செய்தவர்கள் பக்கும் அவருடைய ஒய்.எம்.சி.ஏ. சகாவான ஏ.ஜி.நோரனும்.

தேர்வான அணிக்கு மேலாளராகப் பாரிஸ் போனவர் பக். தடை ஓட்ட வீரர் சி.கே.லட்சுமணன் அந்த அணியில் இருந்தார். பின்னாளில் இந்திய அரசின் சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர் அவர். பாரிஸில் பதக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்தச் சுற்றுப்பயணங்களில் பிறந்த மாகாண அமைப்புகள்தான் 1927ல் உருவான இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு அடித்தளம். டாடா தலைவர், நோரன் செயலாளர்.

பெண்களுக்குத் தாமதமாகத் திறந்த கதவு

எல்லோருக்கும் விளையாட்டு என்ற எண்ணம் இருந்தாலும், கல்லூரிக்குள் பெண்கள் மாணவர்களாக வர 20 ஆண்டுகள் ஆயின. 1940ல்தான் அது நடந்தது. இன்றைய கண்ணோடு பார்த்தால் இது தாமதம்தான். ஆனாலும் பெண் ஆசிரியர் வந்தால் பெண் பிள்ளைகளை கிரவுண்டுக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளும் கொஞ்சம் இறங்கி வரும். இது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

24 ஆண்டுகள் இங்கே உழைத்த பக், 1943ல் காலமானார்.

சரி, மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பக் ஆட்களுக்கு ஏற்ற ஆட்டத்தைத் தேடினார் என்று பார்த்தோம். மலையில் அந்தப் பாடம் நேரடியாக வேலை செய்கிறது. சர்வதேச அளவில் ஒரு கால்பந்து மைதானம் சுமார் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் இருக்கும். சரிவான மலையில் அவ்வளவு சமதளம் எங்கே கிடைக்கும்? வாலிபாலுக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர் போதும். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. ஆண்கள் கபடிக்கு 13க்கு 10 மீட்டர் மண் தரை போதும், பந்துகூட வேண்டாம். ஓட்டப் பயிற்சிக்கு மலைப்பாதையே போதும்.

இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, பிழைப்பும்கூட. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். நீளம் தாண்டுதலும் உண்டு. மலையில் வளர்ந்த பிள்ளைக்கு நடக்கத் தெரியும், ஏறத் தெரியும். ஆனால் 1500 மீட்டரை எந்த வேகத்தில் ஆரம்பித்து எப்படி முடிப்பது என்பதை ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் வேண்டும். ஆனால் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான நிலையில், மாணவர் எண்ணிக்கை 100ஐத் தாண்டினால்தான் உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் கட்டாயம். பழங்குடியினர் நலப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் சேர்ந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் மலையில், சிதறிக் கிடக்கும் சின்னக் கிராமங்களின் பள்ளியில் 100 பேர் சேருவது லேசான காரியம் இல்லை. ஆள் குறைவு என்ற காரணத்துக்காகவே ஆசிரியரும் இல்லாமல் போகும் நிலை.

கிராமத்துக்கு வந்த ஜிம், கிட்

அரசு சும்மா இருக்கவில்லை. 2016ல் ஊராட்சிகளில் அம்மா பூங்கா, அம்மா உடற்பயிற்சிக் கூடம் அறிவிக்கப்பட்டது. 2024ல் 12,000க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் வழங்கும் திட்டம் தொடங்கியது. முதலமைச்சர் கோப்பையில் கபடி, சிலம்பம், வாலிபால் எல்லாம் இருக்கின்றன.

பந்து வந்துவிடும், வலையும் வந்துவிடும். கிட்டைப் பிரித்து, 10 வயதுப் பிள்ளைக்கு எது, 40 வயது அம்மாவுக்கு எது என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாத ஊரில் கிட் அலமாரியில் தூங்கும், ஜிம் கதவில் பூட்டுத் தொங்கும். பக் 1920ல் உபகரணத்தை விட்டுவிட்டு ஆசிரியரில் இருந்து ஆரம்பித்ததற்கான காரணம் இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். பெரியவர்களுக்கு அது வாரம் 5 நாள், நாளுக்கு 30 நிமிட வேக நடை. இதற்கு ஜிம் கார்டு தேவையில்லை. மாலையில் நாலு பேர் சேர்ந்து வாலிபால் ஆடினாலும் கணக்கில் சேரும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களா? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் அதைக் கேட்கலாம். கிட் வந்ததா, யார் பொறுப்பு என்று கிராம சபையில் கேட்கலாம். ஊரில் கபடியோ சிலம்பமோ தெரிந்த பெரியவர் இருந்தால், வாரத்தில் 2 நாள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லலாம். 5 பேர் வந்தால்கூட ஆரம்பிக்கலாம். பக்கின் முதல் வகுப்பிலும் அவ்வளவு பேர்தான் இருந்தார்கள்.