இன்சுலினின் வடிவம் கண்டவர்

ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகக் கட்டடத்தின் ஒரு மூலையில், 1930களில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்குள்ள நுண்ணோக்கியோ மேல் மாடத்தில் இருந்தது. கடுகைவிடச் சிறிய படிகத்தை ஒரு கையில் ஏந்தியபடி செங்குத்தான ஏணியில் ஏறினால்தான் அதில் பார்க்க முடியும். டோரத்தி குரோஃபூட் என்னும் இளம் வேதியியலாளர் அந்த ஏணியில் பலமுறை ஏறி இறங்கினார்.

அவர் 1910இல் கெய்ரோவில் பிறந்தவர்; இங்கிலாந்தில் கல்வி கற்றவர். அவருடைய பள்ளியில் வேதியியல் மாணவர்களுக்கு மட்டுமே உரிய பாடமாக இருந்தது. டோரத்தியும் மற்றொரு மாணவியும் சிறப்பு அனுமதி பெற்று அவ்வகுப்பில் அமர்ந்தனர். பின்னர், கேம்பிரிட்ஜில் பெர்னால் என்ற அறிவியலாளரிடம் ஊடுகதிரைக் கொண்டு படிகங்களை ஆராயும் முறையைப் பயின்றார். 24 வயதிலேயே அவரை முடக்குவாதம் பற்றியது. விரல்களின் நுணுக்கத்தையே நம்பியிருந்த வேலை அது. நாளடைவில் அவருடைய கைகள் கோணத் தொடங்கின. ஊடுகதிர்க் கருவியின் விசையை இயக்க நீண்ட நெம்புகோல் ஒன்றைச் செய்து பொருத்திக்கொண்டு, அவர் வேலையைத் தொடர்ந்தார்.

நோய் தொடங்கிய அதே காலத்தில், பேராசிரியர் ராபின்சன் அவரிடம் சிறிதளவு இன்சுலின் படிகத்தைக் கொடுத்தார். கணையத்தில் சுரக்கும் இந்தப் புரதம் 1922 முதல் நீரிழிவு நோயாளிகளின் உயிரைக் காத்து வந்தது. ஆயினும், அதன் வடிவத்தை எவரும் அறிந்திருக்கவில்லை. டோரத்தி அந்தப் படிகங்களைப் பெரிதாக வளர்த்து, ஊடுகதிரைச் செலுத்திப் படம் எடுத்தார். படத்தில் புள்ளிகள் தெளிவாக விழுந்திருந்தன. மகிழ்ச்சி தாங்காமல் அன்றிரவு ஊர்த் தெருக்களில் நெடுநேரம் நடந்தார். மறுநாள் காலையில் ஐயம் எழுந்தது. தாம் படமெடுத்தது இன்சுலின்தானா என்று உறுதிசெய்ய ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார். அது இன்சுலின்தான்.

ஆனால், அப்புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இடங்களைக் கணக்கிட வேண்டும். இன்சுலின் மூலக்கூறு ஒன்றில் ஏறத்தாழ 800 அணுக்கள் உள்ளன. அன்றைய கணக்கீட்டு முறைகளுக்கு அது எட்டவில்லை. டோரத்தி அதைக் கைவிடவுமில்லை. அவசரப்பட்டு எதையும் அறிவிக்கவுமில்லை. வரலாற்று அறிஞர் தாமஸ் ஹாட்ஜ்கினை மணந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தபடியே பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்புகளைக் கண்டறிந்தார். இவற்றுக்காக 1964இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது. அப்போதும் சில நாளிதழ்கள் அவரை இல்லத்தரசி என்றே அறிமுகப்படுத்தின!

பரிசுக்குப் பிறகும் அவர் ஓய்வெடுக்கவில்லை. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதைச் சேங்கர் முன்பே கண்டறிந்திருந்தார். அந்தச் சங்கிலிகள் எவ்வாறு மடிந்துள்ளன என்பதே எஞ்சிய கேள்வி. கணினிகள் துணைக்கு வந்தன. இந்தியாவிலிருந்து சென்ற விஜயன் உட்படப் பல இளம் ஆய்வாளர்கள் உடன் உழைத்தனர். 1969இல் விடை கிடைத்தது. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாக அணுக்களைச் சுற்றி ஒன்றாகக் கூடியிருந்தன. கணையம் இன்சுலினைச் சேமிப்பது இந்த வடிவில்தான். இரத்தத்தில் கலந்தபின் அவை தனித்தனியாகப் பிரிகின்றன. பிரிந்த ஒவ்வொன்றும் உயிரணுவின் மேலுள்ள ஏற்பியில் சென்று பொருந்துகிறது. அதன் பிறகே தசையும் கொழுப்பும் குளுக்கோசை மிகுதியாக உள்ளே ஈர்த்துக்கொள்கின்றன. எளிதில் பிரிந்து விரைவாகச் செயல்படும் இன்சுலின் மருந்துகளை உருவாக்க இவ்வறிவு பின்னாளில் உதவியது.

சீன அறிவியலாளர்களும் இதே அமைப்பைத் தனியே கண்டறிந்திருந்தனர். டோரத்தி பெய்ஜிங்கிற்குச் சென்று அவர்களுடைய வரைபடத்தைத் தம்முடையதோடு ஒப்பிட்டார். அவர்களின் உழைப்பை உலக அறிவியலாளர்களிடம் எடுத்துரைத்தார். 1993இல் அதே நகரில் படிகவியல் மாநாடு நடந்தபோது, 83 வயதான அவர் சக்கர நாற்காலியில் அங்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தில் காலமானார்.