கால்டுவெல் கண்ட நிறமும் இனமும்

செம்பரம்பாக்கம் ஏரிநீர் பாய்ந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டும் கதிரறுத்தும் வாழ்ந்தோரின் மேனி வெயிலிற் கறுத்தது. அத்தகைய உழைப்பாளரின் நிறத்தையும் தோற்றத்தையும் கண்டு, அவர்களை வேறோர் இனத்தவர் எனக் கருதிய அறிஞரும் முன்னாளில் இருந்தனர். அக்கருத்தை மறுத்தவருள் ஒருவர் இராபர்ட்டு கால்டுவெல் ஆவார். மொழியறிஞராக மட்டுமே அவரை அறிந்த நாம் இதனையும் அறிதல் நலம்.

1814ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த அவர், 1838இல் சென்னை வந்தார். பின்னர்க் கால்நடையாகத் தெற்கே சென்று, 1841இல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் தங்கினார். 1849இல் அவர் வெளியிட்ட நூலொன்று, தாம் பணிபுரிந்த நாடார் மக்களையே புண்படுத்தியது. அப்பிழையையும் நாம் மறைத்தல் தகாது.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1875இல் அது விரிவுற்றது. அதன் பிற்சேர்க்கையில், பறையர் திராவிடரே என்று அவர் வாதிட்டார். கருமைக்குக் காரணம் வேற்றுக் குருதியன்று. நெடுங்கால வெயிலும் கடும் உழைப்பும் வறிய வாழ்வுமே என்பது அவர் துணிபு.

இச்சிந்தனைக்கு முன்னோடியும் உண்டு. கறுப்பு நிறம் சாபத்தால் வந்தது என்ற பழங்கதையை மறுத்து, தட்பவெப்பமே காரணம் என 1377இல் தம் முகத்திமாவில் எழுதியவர் தூனிசில் பிறந்த இப்னு கல்தூன்.

வெயிலாற் கறுத்த நிறம் பிள்ளைகளுக்குப் பரம்பரையாகச் செல்வதில்லை என்பதும், கதிரவனின் புற ஊதாக் கதிர்களுக்கேற்பப் பல்லாயிரம் ஆண்டுகளில் தோலின் நிறம் அமைந்தது என்பதும் இன்றைய அறிவியல். எனவே, இருவர் கூறிய காரணமும் முழுமையானதன்று. எனினும், நிறத்தைக் கொண்டு மக்களைத் தாழ்த்தாமல் இயற்கையிலும் வாழ்நிலையிலும் காரணம் தேடிய நெறி போற்றத்தக்கதே.

கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் மறைந்து, இடையன்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார். 1913இல் வந்த மூன்றாம் பதிப்பில், பறையர் பற்றிய அப்பகுதி நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2008இல்தான் கவிதாசரண் வெளியிட்ட முழுப் பதிப்பு அதனை மீட்டளித்தது.

ஒரு நூலின் சில பக்கங்கள் மறைந்தால், ஒரு மக்களின் உரிமைக் குரலும் மறைந்துபோகக் கூடும். ஆகவே மாணவச் செல்வங்களே, நூல்களை முழுமையாகத் தேடிப் பயிலுங்கள். எந்தப் பதிப்பைப் பயில்கிறோம் என்பதையும் கருதுங்கள். மேனியின் நிறம் கண்டு மனிதரை அளக்கும் பழக்கத்தை நம் இல்லங்களிலிருந்தே நாம் களைவோமாக!