உலகிற்குக் காலணி தைத்த தாமஸ் பாட்டா

விளையாட்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் பழவேற்காட்டுக் குப்பங்களில் ஒரு கவலை பிறந்துவிடும். ஓட்டத்தில் வெல்வோமா, தோற்போமா என்ற கவலையன்று அது. வெள்ளைக் கான்வாஸ் காலணிக்கு என்ன செய்வது என்பதே அக்கவலை. ஏரிச் சேற்றிலும் கடற்கரை மணலிலும் வெறுங்காலுடன் ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். கிளிஞ்சல் கிழிக்காத கால், கெளுத்தி முள் தைக்காத கால் எங்களுள் ஒருத்திக்கும் இல்லை. ஆயினும் அணிவகுப்பில் நிற்க வெள்ளைக் காலணி வேண்டுமே! அக்காளின் காலணியைத் தங்கை அணிவதும், பெரிதாயிருந்தால் நுனியில் காகிதத்தைத் திணிப்பதும், விழாவன்று விடியற்காலையில் சாக்கட்டியைத் தேய்த்து வெண்மையாக்குவதும் எங்கள் வீடுகளில் வழக்கமே.

சென்ற விழாவில் எங்களுள் ஒருத்தி இரவல் காலணியுடன் 200 மீட்டர் ஓடினாள். பாதி வழியில் ஒரு காலணி கழன்று விழுந்தது. மற்றதையும் உதறிவிட்டு வெறுங்காலுடன் ஓடி இரண்டாவதாக வந்தாள். எல்லாரும் கைதட்டிக் கொண்டிருக்க, காலணியை இரவல் கொடுத்தவள் மட்டும் அதைத் தேடி மைதானத்தில் அலைந்து கொண்டிருந்தாள்!

அன்று மாலை வீடு திரும்பும் பேருந்தில், இந்தக் காலணியை முதன்முதலில் செய்தவர் யாராயிருக்கும் என்று பேச்சு எழுந்தது. பாட்டா என்றாள் ஒருத்தி. அது கம்பெனியின் பெயர், மனிதரின் பெயரன்று என்றாள் மற்றொருத்தி. வடநாட்டுக் கம்பெனி என்றாள் மூன்றாமவள். மூவரும் முழுவதும் சரியாகச் சொல்லவில்லை என்பது பின்னர் தேடிப் படித்தபோதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. தோழியரே, நாங்கள் அறிந்த அம்மனிதரின் கதையை உங்களுக்கும் சொல்கிறோம்.

இன்று செக் குடியரசு என்று வழங்கும் நாட்டில், மொராவியா என்னும் பகுதியில், ஸ்லீன் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கே 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் தாமஸ் பாட்டா பிறந்தார். தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைக்கும் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையின் பட்டறையில் தோலும் ஊசியும் நூலுமே அவருடைய விளையாட்டுப் பொருள்களாயின.

1894-இல் அண்ணன் அந்தோனின், அக்காள் அன்னா, தாமஸ் ஆகிய மூவரும் தாயார் விட்டுச் சென்ற பணத்தை முதலாக வைத்துத் தனியே தொழில் தொடங்கினர். மூவரில் ஒருவர் பெண் என்பதை இங்கே சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பாட்டா என்றால் தாமஸைத்தான் எல்லாரும் நினைக்கின்றனர். அன்னாவின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

தொடக்கம் நன்றாக அமையவில்லை. ஓராண்டுக்குள் கடன் கழுத்தை நெரித்தது. அந்நேரம் பார்த்து அண்ணனுக்கு இராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தது. பத்தொன்பது வயதுத் தாமஸின் தோள்மீது எல்லாப் பாரமும் இறங்கியது. தோல் வாங்கக் கையில் பணமில்லை. கடன் கொடுப்பாரும் இல்லை. தோல் இல்லாமல் காலணி எப்படிச் செய்வது? துணியால் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். கித்தான் துணியை மேற்புறமாகவும், தோலைச் சிறிதளவாகவும் வைத்துத் தைத்த அந்த எளிய காலணி 1897 வாக்கில் விற்பனைக்கு வந்தது. ஊரார் அதைப் பாட்டோவ்கா என்று அவர் பெயராலேயே அழைத்தனர். இலேசானது, விலையும் குறைவு. தோல் காலணி வாங்க முடியாத தொழிலாளிகளும் அதை வாங்கினர். கடன் அடைந்தது, தொழில் தழைத்தது.

இதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான வியப்பைச் சொல்லி முடியாது. நாங்கள் எதற்காக ஏங்குகிறோமோ அந்தத் துணிக் காலணியின் முன்னோடி, பணக்காரர் விளையாடுவதற்காகப் பிறந்ததன்று. தோல் வாங்க வகையில்லாத ஒரு கடனாளியின் பட்டறையில் பிறந்தது.

1904-இல் தாமஸ் தம் தொழிலாளர் மூவரை அழைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். காலணித் தொழிலுக்குப் பேர்போன லின் என்னும் நகரில், முதலாளியாக அன்று, கூலியாளாகவே தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு காலணி எத்தனை கைகள் மாறி, எத்தனை இயந்திரங்கள் ஏறி உருவாகிறது என்பதைக் கண்ணால் கண்டு கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். முதல் உலகப் போரின்போது இராணுவத்தினருக்குக் காலணி செய்து கொடுத்ததில் தொழிற்சாலை பன்மடங்கு பெருகியது.

போருக்குப் பின்னர் வந்ததுதான் பெரிய சோதனை. 1922-இல் அவர் நாட்டு நாணயத்தின் மதிப்பு திடீரென உயர்ந்ததால், வெளிநாட்டார் அங்கே பொருள் வாங்குவதை நிறுத்திவிட்டனர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை இழந்தோர் தெருவில் நின்றனர். அப்பொழுது பாட்டா செய்தது எவரும் எதிர்பாராதது. அவ்வாண்டு செப்டம்பரில் தம் காலணிகளின் விலையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். விலைவாசியை ஒரு முஷ்டி நசுக்குவது போன்ற படத்துடன் சுவரொட்டிகள் எங்கும் ஒட்டப்பட்டன. மற்ற வியாபாரிகள் அவரைப் பித்தர் என்று நகைத்தனர். மக்களோ கடை வாசலில் வரிசையாக வந்து நின்றனர்.

விலை பாதியானால் நட்டம் யார் தலையில் விழுந்தது? நாங்களும் அதையே கேட்டோம். தொழிலாளர் கூலியில் நூற்றுக்கு 40 பங்கு வெட்டப்பட்டது. அதற்கு ஈடாக, கம்பெனிக் கடைகளில் உணவும் துணியும் பாதி விலைக்குக் கிடைக்குமென்று ஏற்பாடு செய்தார். வேலை போகாமல் காப்பாற்றினார் என்பது உண்மையே. கூலியைக் குறைத்தார் என்பதும் உண்மையே. எங்களுள் சிலர் அவரைப் புகழ்ந்தனர், சிலர் ஒப்பவில்லை. ஏரியில் இறால் வரத்துக் குறைந்த நாட்களில் வியாபாரி விலையைக் கூட்டுவானேயன்றித் தன் பங்கைக் குறைத்துக் கொள்வானா என்று கேட்டாள் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி. இங்கே குறைந்தது தொழிலாளியின் பங்குமல்லவா என்று பதில் வந்தது. விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

பின்னர் 1924 முதல் பட்டறை தோறும் கணக்கு வைத்து, இலாபத்தில் தொழிலாளருக்கும் பங்கு கொடுத்தார். செங்கல் வீடுகள், தோட்டங்கள், பள்ளிகள், 1927-இல் ஒரு மருத்துவமனை என்று ஸ்லீன் நகரமாயிற்று. 1923-இல் அவரே நகரத் தலைவரும் ஆனார். ஆனால் தொழிற்சங்கங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. மலிவான பாட்டா காலணி சென்ற இடமெல்லாம் கையால் தைத்து வந்த சிறு தொழிலாளிகள் பிழைப்பு இழந்து முறையிட்டனர். தாமே அக்குலத்தில் பிறந்தவராயிற்றே என்று நினைக்கும்போது எங்கள் மனம் சற்று உறுத்தத்தான் செய்கிறது.

அவருடைய வியாபாரத் தந்திரங்களில் இரண்டை மட்டும் சொல்கிறோம். ஒன்று, விலையை 9 என்ற எண்ணில் முடிப்பது. 20 என்பதைவிட 19 என்றால் வாங்குபவருக்குக் குறைவாகத் தோன்றுமல்லவா? பிற்காலத்தில் நம் நாட்டுக் கடைகளிலும் 99 ரூபாய் 95 காசு என்று அட்டை தொங்கியதை எங்கள் தாய்மார் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். மற்றொன்று, எந்த மொழியினரும் எளிதாகச் சொல்லக்கூடிய தம் சிறிய பெயரையே பொருளுக்கும் கடைக்கும் பெயராக வைத்தது. இலங்கைத் தமிழர் இன்றும் ரப்பர் செருப்பையே பாட்டா என்கிறார்கள்! பெயரின் வலிமை எங்கள் ஊருக்குப் புதிதன்று. டச்சுக்காரர் 1600-களில் பழவேற்காட்டில் கோட்டை கட்டி இப்பகுதித் துணியைக் கப்பலேற்றினர். அந்தக் கட்டம் போட்ட துணிக்கு எங்கள் ஊர்ப் பெயரே பெயராயிற்று. பழையகாட் லுங்கி என்று கடைகளில் கேட்பது அதன் எச்சமே. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட மட்டும் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லாமற் போயினர். பாட்டா தம் பெயரைக் காத்ததுபோல் நம் முன்னோர் காக்கவில்லையே!

1931-ஆம் ஆண்டின் இறுதியில் தாமஸ் விமானமேறி இந்தியாவுக்கும் வந்தார். கோடிக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடந்த நாடு அல்லவா! அதே ஆண்டில் கல்கத்தாவை அடுத்த கொன்னநகரில் அவர் கம்பெனி சிறிய அளவில் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் அது வளர்ந்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1932 ஜூலை 12-ஆம் நாள் அதிகாலை, சுவிட்சர்லாந்து செல்ல அவர் ஏறிய விமானம் மூடுபனியில் கிளம்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து நொறுங்கியது. அவரும் விமானியும் மாண்டனர். அப்பொழுது அவருக்கு வயது 56.

அவருக்குப் பின் தம்பி முறையான யான் பொறுப்பேற்றார். 1934-இல் ஹூக்ளி ஆற்றங்கரையில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, பாட்டாநகர் என்ற ஊரே எழுந்தது. சிறு காயமும் இரணஜன்னியாக முடியலாம், ஆகவே காலணி அணியுங்கள் என்ற பொருளில் கம்பெனி விளம்பரம் செய்ததும் அந்தப் பத்தாண்டில்தான். வியாபாரத்துக்காகச் சொன்னதாயினும், கிளிஞ்சல் கிழித்த காலுடன் ஊசி போட்டுக்கொள்ள ஓடும் எங்களுக்கு அதைத் தள்ளிவிட முடியவில்லை.

ஐரோப்பாவிலோ 1945-இல் ஸ்லீன் தொழிற்சாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஊரின் பெயரும் 1949-இல் மாற்றப்பட்டு 1990 வரையில் வேறு பெயரில் வழங்கியது. பிறந்த ஊரில் அழிக்கப்பட்ட பாட்டா என்ற பெயர், நம் நாட்டுக் கடைத்தெருக்களில் மட்டும் விளக்கெரியத் தொங்கிக் கொண்டிருந்தது. அதனால்தான் நம்மவர் அதை இந்தியக் கம்பெனி என்றே எண்ணிவிட்டனர் போலும்.

எங்கள் கதையின் காலணிக்கு வருவோம். கம்பெனியார் கூறும் வரலாற்றின்படி, கான்வாஸ் மேற்புறமும் ரப்பர் அடியும் கொண்ட டென்னிஸ் காலணி 1936-இல் பாட்டாநகரிலேயே உருவாயிற்று. அதுவும் இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் உடற்பயிற்சி வகுப்பில் அணிவதற்காகவே! பேருந்தில் வடநாட்டுக் கம்பெனி என்று சொன்னவளுக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டோம். மனிதரின் பெயர் அன்று என்றவளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

இவ்வாண்டு விழாவுக்கு எங்கள் தெருவில் ஓடுபவர் ஏழு பேர். காலணி மூன்று சோடி. 100 மீட்டர் முடித்தவள் நீளத்தாண்டுதலுக்குச் செல்பவளிடம் கழற்றிக் கொடுப்பது, அவள் தொடர் ஓட்டத்துக்குள் திருப்பித் தருவது என்று ஒரு காகிதத்தில் வரிசை எழுதி வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு கழன்று விழுந்த காலணிக்கு இம்முறை புது நாடா போட்டாயிற்று.