பிறரின் வாக்குக்காக வாதாடியவர்

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை மன்னாரில் அறியாதவர் இல்லை. அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்ட மரம் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். ஆபிரிக்க மண்ணுக்குரிய அந்த மரத்தை இன்று நாம் மன்னாரின் மரம் என்றே சொல்கிறோம். அதன் பூர்வீகத்தைக் கேட்டு யாரும் அதை அந்நியம் என்று ஒதுக்குவதில்லை.

மனிதருக்கு எப்போதும் அவ்வாறு நடப்பதில்லை. 1948 ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. பதிலைக் கடதாசியில் காட்ட முடியாத பல இலட்சம் மலையகத் தொழிலாளர் பிரஜாவுரிமையை இழந்தார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையையும் இழந்தார்கள். அந்த அநீதியை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் தன் வாக்குக்கோ தன் தொகுதி மக்களின் வாக்குக்கோ எந்த ஆபத்தும் இல்லாத ஒரு சட்டத்தரணி. தந்தை செல்வா என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்ட எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள்தாம் அவர்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31 ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். தந்தையார் தொழில் நிமித்தம் அங்கு குடியேறிய யாழ்ப்பாணத்தவர். பிள்ளைகளின் படிப்பைக் கருதித் தாயார் அவர்களைத் தெல்லிப்பழைக்கு அழைத்து வந்தார். அப்போது செல்வநாயகத்துக்கு நான்கு வயது. தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரி, கொழும்பு சென் தோமஸ் கல்லூரி ஆகியவற்றில் அவர் கற்றார். 1918 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரி மாணவராகப் பெற்றபோது அவருக்கு வயது இருபதளவே. பின்னர் ஆசிரியராகப் பணி செய்துகொண்டே சட்டம் படித்து 1923 இல் நியாயவாதியானார். 1927 இல் எமிலி கிரேஸ் பார் குமாரகுலசிங்கத்தை மணந்தார்.

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் குடியியல் வழக்குகளில் அவருக்குப் பெரும் பெயர் இருந்தது. உரத்துப் பேசுபவரல்லர், மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். ஆனால் வழக்கின் ஏடுகளைக் கரைத்துக் குடித்துவிட்டு வருபவர் என்று சக வழக்கறிஞர்கள் அவரை மதித்தனர். கே. சி. பட்டமும் கிடைத்தது. அந்தத் தொழிலோடு நின்றிருந்தால் செல்வமும் அமைதியும் நிறைந்த ஒரு வாழ்க்கை அவருக்கு இருந்தது.

1944 இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள் தொடங்கிய அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸில் சேர்ந்து, 1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். இங்கே ஒரு சிறு வரலாற்றை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை இந்நாட்டுக்கு 1931 இலேயே கிடைத்துவிட்டது. ஆசியாவில் பெரும்பாலான நாடுகளின் பெண்கள் அவ்வளவு விரிவான உரிமையை அப்போது பெற்றிருக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கு அந்த உரிமை நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. இருந்தும் 1947 இல் மலையக மக்கள் தங்கள் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்கும் அவர்களின் வாக்கு துணைநின்றது. ஆட்சியாளரின் அச்சம் அங்கேதான் தொடங்கியது.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டில் பிறந்த ஒருவர் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்ட லயத்தில் பிறந்த தொழிலாளி தன் தகப்பனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவான்? பிறப்பைப் பதியும் வழக்கமே அக்காலத்தில் ஒழுங்காக இருக்கவில்லை. ஹற்றனில் பிறந்து ஹற்றனிலேயே தலை நரைத்தவன் அந்நியனானான். ஈப்போவில் பிறந்த செல்வநாயகமோ, தகப்பனும் பாட்டனும் யாழ்ப்பாணத்தவர் என்பதால் பிரஜையாகவே இருந்தார். இந்த ஏறுமாறு அந்தச் சட்ட அறிஞருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

1949 இல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒன்று. மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபித்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றது அது. இந்தியாவிலிருந்து வந்து ஊர்தோறும் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்களும் இந்தக் கேள்விகளுக்குத் தப்பவில்லை. மற்றையது 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜை அல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கக்கூடாது என்றது அது. 1946 குடிசனமதிப்பின்படி இந்தியத் தமிழர் தொகை ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் இடாப்பிலிருந்து நீங்கின. தொகுதிகளைப் பிரிக்கும்போது மாத்திரம் அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. 75 ஆயிரம் பேருக்கு ஓர் ஆசனம் என்ற கணக்குக்கு அவர்கள் வேண்டியிருந்தார்கள். வாக்களிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வேளையில் செல்வநாயகத்தின் தலைவரே அமைச்சரவையில் சேர்ந்தார். அரசாங்கப் பக்கம் போனால் வடக்குக்குத் தொழிற்சாலைகளும் வசதிகளும் வரும் என்பது ஒரு வாதம். மலையகத் தொழிலாளி யாழ்ப்பாணத்தவனுக்கு உறவினனுமல்லன், வாக்காளனுமல்லன். பேசாமல் இருந்தால் இழப்பு ஒன்றுமில்லை. செல்வநாயகம் பேசாமல் இருக்கவில்லை. இன்று வலிமையற்ற ஒரு கூட்டத்தின் வாக்கைப் பறிப்பதற்கு இடங்கொடுத்தால் நாளை அது அடுத்த கூட்டத்தின் வாசலுக்கு வரும் என்று அவர் கண்டார். கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், செனட்டர் டொக்டர் இ. எம். வி. நாகநாதன் ஆகியோருடன் கட்சியை விட்டு விலகி, 1949 டிசெம்பர் 18 ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

அதன் விலையை மூன்றாண்டுக்குள் கொடுத்தார். 1952 தேர்தலில் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்தனர். அவருடைய கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். அதே தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஓர் உறுப்பினர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. கொடக்கன் பிள்ளை என்பவரின் பெயரை இடாப்பில் சேர்ப்பது பற்றிய வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. 1953 இல் அங்கும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. நீதிமன்றக் கதவும் அடைபட்டது.

தோல்வியின் பின்னும் செல்வநாயகம் நீதிமன்றத்தோடு ஒதுங்கிவிடவில்லை. 1956 இல் மீண்டும் வென்றார். கட்சிக்குப் பத்து ஆசனங்கள் கிடைத்தன. தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லில் அவர் வடக்கு, கிழக்குத் தமிழரோடு முஸ்லிம்களையும் மலையகத்தவரையும் சேர்த்தே எண்ணினார். அந்தத் தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் அக்கட்சியின் முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றனர். பின்னர் அவர்கள் அரசாங்கப் பக்கம் சென்றதும் உண்மையே. எல்லோரையும் ஒரு குடையின்கீழ் வைத்திருப்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் செய்த ஒப்பந்தத்தின்போதும் பிரஜாவுரிமைப் பிரச்சினையை அவர் மறக்கவில்லை. அதை விரைவில் தீர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அடுத்த ஏப்ரலிலே அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1961 இல் வடக்கு, கிழக்குக் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. அவசரகாலச் சட்டம் வந்தது. செல்வநாயகமும் தோழர்களும் பனாகொடை முகாமில் தடுத்து வைக்கப்பட்டனர். அப்போது அவருக்கு வயது 63. நடுக்க நோய் உடலை வருத்தியது, காதும் மந்தமாகியது. அவர் நடத்திய போராட்டங்கள் எதிலும் ஆயுதத்துக்கு இடமிருக்கவில்லை.

மலையக மக்களின் கதையில் நம் மன்னாருக்கும் ஓர் இடமுண்டு. அவர்களின் முன்னோரில் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் இறங்கித்தான் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர்கள் பலர். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதி பிறகு பேசப்படும் என்றது. அந்த மக்களைக் கேட்காமல் செய்யப்பட்ட பங்கீடு அது. வாக்கு இல்லாதவனை யார் கேட்கப் போகிறார்கள்? மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு புகையிரதத்தில் வந்து, தலைமன்னார் இறங்குதுறையில் இராமேஸ்வரக் கப்பலேறினார்கள். பாட்டன் நடந்து வந்த கரை வழியாகவே பேரன் அனுப்பப்பட்டான்.

1972 இல் புதிய குடியரசு யாப்பு வந்தபோது செல்வநாயகம் அதை ஏற்க மறுத்தார். தன் மக்கள் அதை ஏற்கவில்லை என்பதைத் தேர்தலில் காட்டுவதற்காக, 1972 ஒக்டோபரில் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடத்தப்படவில்லை. மற்றவர்களின் வாக்குக்காகக் குரல் கொடுத்தவரின் சொந்தத் தொகுதியே வாக்களிக்க வழியின்றிக் காத்திருந்தது. முடிவில் 1975 பெப்ரவரி 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. அவருக்கு 25,927 வாக்குகள். எதிர்த்து நின்றவருக்கு 9,457 வாக்குகள். 1952 இல் அவரைத் தோற்கடித்த தொகுதி அதுதான்.

1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் அவருடைய தலைமையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. வாழ்நாளெல்லாம் கூட்டாட்சி கேட்டவர் எடுத்த அந்த முடிவைப் பற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. மலையகத் தலைவர் தொண்டமான் அக்கோரிக்கையில் சேரவில்லை. முஸ்லிம்களிலும் பலர் தயங்கினர். அவரது வாழ்வை எழுதுவோர் இதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு அமிர்தலிங்கம் முதலியோர் மீது மூன்று நீதிபதிகள் முன் நடந்த வழக்கில், நோயுற்ற நிலையிலும் அவர் சட்டத்தரணிகளின் வரிசையில் அமர்ந்தார். முன்பு பிரிந்துபோன பொன்னம்பலமும் அவ்வழக்கில் உடனிருந்தார். 1977 ஏப்ரல் 26 ஆம் திகதி செல்வநாயகம் காலமானார். மூன்று மாதம் கழித்து நடந்த தேர்தலில், முப்பது ஆண்டுகளின் பின் முதன்முறையாக மலையக மக்களின் பிரதிநிதியாகத் தொண்டமான் வாக்குகளால் தெரிவானார். அதைக் காண செல்வநாயகம் இல்லை. நாடற்றிருந்த எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. 1948 இல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டுகள் சென்றன.

சகோதரிகளே, இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதையன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து நம் உம்மாமாரும் வாப்பாமாரும் கடல் வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். புத்தளத்தில் குடியிருந்துகொண்டு, மன்னார் இடாப்பில் உள்ள தங்கள் வாக்கைப் போட பஸ் ஏறி வரும் நிலை அவர்களில் பலருக்கு நெடுங்காலம் இருந்தது. 2019 நவம்பர் 16 ஆம் திகதி சனாதிபதித் தேர்தலன்று, அப்படி வந்த பஸ்கள் தந்திரிமலையில் வழிமறித்துத் தாக்கப்பட்டன. இருந்தும் அவர்கள் வந்து வாக்களித்தார்கள். ஊரில் வீடு இடிந்து கிடந்தாலும், இடாப்பில் பெயர் இருக்கும்வரை இந்த ஊரில் நமக்குப் பங்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாக்கு ஓர் அமானிதம் என்று நம் ஆலிம்கள் சொல்லித் தருகிறார்கள். அமானிதத்தைப் பேணுவது தேர்தல் நாளில் மட்டும் செய்யும் வேலையன்று. ஆண்டுதோறும் கிராம சேவையாளர் கொண்டுவரும் படிவத்தில் வீட்டிலுள்ள 18 வயது நிரம்பிய பெண்பிள்ளைகளின் பெயரும் எழுதப்படுகிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு கடதாசி இல்லாமல் ஒரு சமூகமே நாடற்றுப் போனதை நாம் படித்துவிட்டோம். அடுத்த வீட்டாரின் பெயர் விடுபட்டிருந்தால், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், அதற்காகவும் நாம் கதைக்க வேண்டும். தன் வாக்குக்கு ஆபத்தில்லாத நேரத்தில் பிறரின் வாக்குக்காக எழுந்து நின்றவர் செல்வநாயகம். சட்டம் படிக்க ஆசைப்படும் மாணவிகள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். அந்த இடத்தில் அவர்களும் ஒருநாள் நிற்க வேண்டும்.