பேறுகால அச்சம் தவிர்த்த வைத்தியர்

மாணாக்கர்க்கு மெய்ப்பாட்டியல் கற்பிக்குந்தோறும், உள்ளத்தெழும் அச்சம் உடலிற் புலப்படும் முறையை விளக்குதல் என் வழக்கம். அவ்வுண்மையைப் பிள்ளைப்பேற்றுக் கட்டிலருகே நின்று கண்ட ஆங்கில வைத்தியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றேன். அவர் கிறான்ற்லி டிக்-றீட் என்பார்.

1890ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பெக்கிள்ஸ் என்னும் ஊரிற் பிறந்த அவர், கேம்பிறிட்ஜிலும் இலண்டன் வைத்தியசாலையிலும் பயின்றார். இளமையில், வைற்சப்பல் என்னும் ஏழை மக்கள் வாழ்பகுதியில் ஒரு பெண்ணுக்குப் பேறு பார்க்கச் சென்றார். நோவு தெரியாதிருக்கக் குளோரபோம் கொடுக்க முற்பட்டபோது, அவள் வேண்டாவென மறுத்து அமைதியாகவே மகவை ஈன்றாள். காரணம் வினவியபோது, தனக்கு நோவில்லை என்றும், நோகவேண்டியதன்றே அது என்றும் விடையிறுத்தாள். அவ்விடை அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

முதல் உலகப் போரிற் கலிப்பொலியிலே கடுங்காயமுற்று மீண்ட அவர், பின்னர் பேறு பார்த்த பெண்களை உற்றுநோக்கி ஒரு முடிபுக்கு வந்தார். அஞ்சுபவளின் தசைகள் இறுகுகின்றன. இறுக்கத்தால் நோவு மிகுகின்றது. நோவு மிக அச்சமும் மிகுகின்றது. இச்சுழலை அறுக்க அவர் கைக்கொண்ட வழிகள் எளியன. கருவுற்ற காலத்திலேயே நிகழப்போவதை விளக்கினார். மூச்சை ஒழுங்குசெய்யவும் உடலைத் தளர்த்தவும் பழக்கினார். நோவு தொடங்கியபின் தாயைத் தனியே விடலாகாதென வற்புறுத்தினார்.

இக்கொள்கையை 1933இலும் 1942இலும் நூல்களாக வெளியிட்டார். சக வைத்தியர் பலர் ஏற்கவில்லை, தாய்மாரோ வரவேற்றனர். 1956இல் பிறனெல்லா பிறையன்ஸ் என்னும் தாய் தொடங்கிய இயற்கைப் பிள்ளைப்பேற்றுச் சங்கத்துக்கு அவரே முதற் றலைவரானார். 1959இல் காலமானார்.

நோவு பெரும்பாலும் அச்சத்தின் விளைவே என்ற அவர் கருத்து மிகைபட்டதென்பது இன்று தெளிவு. அஞ்சாதவளும் நோவாள், நோவுற்றவளைக் கோழையெனப் பழித்தல் அறமன்று. நோவு தணிக்கும் மருந்தை வேண்டுபவளுக்கு அவரும் அதனை மறுத்தாரல்லர். ஆயினும், இடைவிடாது ஒருவர் துணைநிற்பின் பேறு எளிதாகும் என்பதை இக்கால ஆராய்ச்சிகளும் உறுதிசெய்கின்றன.

அச்சத்தைப் பெண்மைக்கு அணியென எண்ணிய மரபினர் நாம். பேற்றறையில் அஃது அணியன்று, பிணி. அதற்கு முதல் மருந்து, அருகிருந்து அன்புடன் உண்மையை எடுத்துரைக்கும் ஒருவரே என்பது என் துணிபு.