பாதி திறந்த கதவு: வித்யாசாகரும் கொல்கத்தா அட்மிஷன் சண்டையும்
கல்லூரி அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஹார்வர்ட் வழக்கில் 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஞாபகம் இருக்கா? மார்க்கைப் பார்ப்பதா, ஆளையும் பார்ப்பதா என்று உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் சண்டை நடந்திருக்கும். கொல்கத்தா இந்தச் சண்டையை 170 வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. நடுவில் நின்றவர் ஈஸ்வர் சந்திர வித்யாசாகர்.

விதவை மறுமணச் சட்டத்துக்காகப் போராடியவர் என்றுதான் அவரைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1820-ல் பிர்சிங்கா கிராமத்தில் ஏழை பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1829-ல் கொல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பிராமணர், வைத்யர் என்ற இரண்டு சாதிப் பையன்களுக்கு மட்டும்தான் இடம். இத்தனைக்கும் அது அரசுப் பணத்தில் நடந்த கல்லூரி!

1851 ஜனவரியில் அதே கல்லூரிக்கு முதல்வரானார். வந்த வேகத்தில், காயஸ்தர்களையும் சேர்க்க வேண்டும் என்று கல்விக் கவுன்சிலுக்கு எழுதினார். சூத்திரர் சமஸ்கிருதம் படிப்பதா என்று பண்டிதர்கள் கொதித்தார்கள். அவர் வைத்த வாதம் பக்கா வக்கீல் வாதம்: சாஸ்திரப்படி வைத்யரும் சூத்திரர்தான், அவர்கள் படிக்கலாம் என்றால் காயஸ்தர் ஏன் கூடாது? அதே வருஷம் காயஸ்தர்களுக்குக் கதவு திறந்தது. 1854 டிசம்பரில் மரியாதைக்குரிய இந்துக்கள் எல்லோருக்கும்.

மரியாதைக்குரிய... அந்த வார்த்தையில்தான் சிக்கல்.

1855-ல் சுபர்ணபணிக் சாதிக்காரர் ஒருவர் இடம் கேட்டார். பொன் வணிகம் செய்யும் சாதி, கொல்கத்தாவில் காசுக்குப் பஞ்சமில்லை. வித்யாசாகர் மறுத்தார். சாதி வரிசையில் அவர்கள் மிகவும் கீழே இருக்கிறார்கள், சேர்த்தால் பண்டிதர்கள் மனம் புண்படும், கல்லூரியின் பெயரும் கௌரவமும் கெடும் என்று காரணம் எழுதினார். கேட்டவருக்குப் படிப்பு வருமா என்ற கேள்வியே அதில் இல்லை. 1920-களில் யூத மாணவர்களைக் குறைக்க ஹார்வர்ட் 'குணம்' பார்க்க ஆரம்பித்ததும் இதே ரகம்தான்.

அவர் தரப்பையும் கேட்கணும். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் விதவை மறுமணத்துக்காக அரசிடம் மனு கொடுத்திருந்தார். ஊரே எதிர்த்து நின்றது. ஒரே நேரத்தில் இரண்டு சண்டை வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். மறுமணச் சட்டமும் 1856-ல் வந்துவிட்டது. ஆனால் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவருக்கு இந்த வியூகத்தால் என்ன லாபம்? எனக்கு இது பாதி சமாதானம்தான்.

1858-ல் அரசு வேலையை உதறினார். பிறகு அவர் வளர்த்தெடுத்த மெட்ரோபாலிட்டன் இன்ஸ்டிடியூஷனில் 1872-ல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. 1891-ல் இறக்கும் வரை அதை விடவில்லை. இன்று அதன் பெயர் வித்யாசாகர் கல்லூரி. 2019 தேர்தல் கலவரத்தில் அவர் சிலை உடைக்கப்பட்டது அங்கேதான்.